பதினொரு ஒன்றுகள்

மகனுக்கு,

வருகிறேனா இல்லையா என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொன்னாய். நீயும் மனைவியும் பிள்ளையும் மெல்பேர்னுக்குப் போகிறீர்கள். என்னையும் கூட்டிப் போக எல்லாம் ஆயத்தமாம். வெள்ளவத்தையில் இந்த இரண்டறை வீட்டில் எழுபத்தாறு வயது மனிதனைத் தனியே விட்டுப்போக உனக்கு மனம் வரவில்லை என்று உன் மனைவி தொலைபேசியில் சொன்னாள். அதை நீயே சொல்லியிருக்கலாம். பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நேரே அங்கே போய்ப் பார்க்காதே. விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்கைச் செய்கிறவனை நான் ஒருநாளும் மதித்ததில்லை.

போன கிழமை நீ அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து உன் பழைய சாமான்களைப் பிரித்து வைத்தாய். வைத்துக்கொள்வது ஒரு பெட்டி, எறிவது ஒரு பெட்டி. எறியும் பெட்டியில் நீ போட்டுவிட்டுப் போன ஒரு சாமானை நான் திரும்ப எடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். அது இல்லாவிட்டால் தொலைபேசியில் ஒரு சொல்லில் பதில் சொல்லி முடித்திருப்பேன். அது என்ன சாமான் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும், உனக்குத் தெரியாது என்று நான் இருபத்தாறு வருடம் நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தையும் எழுத வேண்டும்.

நான் படித்தவன் இல்லை. என் அப்பா செத்தபோது எனக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஒருகொடவத்தையில், கப்பலில் ஏற்றும் கொள்கலன் பெட்டிகளை அடுக்கும் முற்றத்தில் வாசல் எழுதுவினைஞனாக முப்பத்தொரு வருடம் நின்றேன். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் இலக்கத்தையும் பார்த்துப் பதிவது வேலை. நாலு எழுத்து, ஆறு இலக்கம், அதன்பின் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஏழாவது இலக்கம். அந்த ஏழாவது எதற்கென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிடந்த இங்கிலீஷ் தாளை அகராதியோடு ஒரு மாதம் இருந்து படித்து நான் கண்டுபிடித்தேன். முன்னால் உள்ள பத்துக்கும் ஒவ்வொரு பெறுமதி. அவற்றை ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் வரும் மீதிதான் அந்த ஏழாவது இலக்கம். ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதினாலும் மீதி பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். நான் அதை மனத்திலேயே செய்யப் பழகினேன். லொறி வாசலில் வந்து நிற்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். முற்றத்தில் எனக்கு ‘இலக்கம் மாத்தயா’, இலக்கம் ஐயா, என்று பெயர். பட்டம் வாங்கிய எவனுக்கும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

வாசலில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. கணக்குச் சரியாக வந்த பெட்டியை இன்னொரு தரம் பார்ப்பேன், ஏமாற்றாக இருக்கலாம் என்பதற்காக. சரிவராத பெட்டியைத் திரும்பிப் பார்க்கவே மாட்டேன். திருப்பி அனுப்புவேன். ஒருநாள் ஒரு சிங்களச் சாரதி என் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். “ஆயெத் பலன்ன மாத்தயா, ஆயெத் பலன்ன” என்றான். இன்னொரு தரம் பாருங்கள் ஐயா என்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி வந்தவன். “பலன்ன தெயக் நே” என்றேன். பார்க்க ஒன்றுமில்லை. அடுத்த நாள் அதே பெட்டி வேறொரு லொறியில் வந்தது. துருப் பிடித்த ஒரு மூன்றை நான் எட்டாக வாசித்திருந்தேன். பெட்டியை உள்ளே எடுத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தச் சாரதி பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவுமில்லை. இதை எழுதுவது எனக்கு மனம் உறுத்துகிறது என்று காட்டுவதற்கு அல்ல. அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று நீ விளங்கிக்கொள்வதற்கு. பிறகு வருவதெல்லாம் அந்தச் சட்டத்திலிருந்து வந்தது.

அந்த முற்றத்தில்தான் எனக்கு எண்களில் பைத்தியம் பிடித்தது. ஒன்றுகளால் மட்டும் ஆன எண்களை எடுத்து, அவை எதனால் மீதியில்லாமல் பிரியும், அதாவது உடையும், என்று தேடினேன். 111 என்பது மூன்று தரம் முப்பத்தேழு. 1111 என்பது பதினொன்று தரம் நூற்றொன்று. ஐந்து ஒன்று நாற்பத்தொன்றால் உடையும். ஏழு ஒன்றை உடைக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது, 239 தரம் 4649. எத்தனை ஒன்று என்ற தொகையே பிரியும் என்றால் எண்ணும் பிரியும், ஆகவே ஆறு, எட்டு, ஒன்பது, பத்து ஒன்றுகளைப் பார்த்து நேரத்தை வீணாக்கத் தேவையில்லை என்பதை நானாகவே கண்டேன். மிஞ்சியது பதினொரு ஒன்று. ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. நீ எழுத்து வாசிக்கப் பழகமுதல் அதைச் சொல்லப் பழகிவிட்டாய். விருந்தாளிகள் வந்தால் உன்னைக் கதிரையில் ஏற்றிச் சொல்ல வைப்பேன்.

இன்னொன்றையும் கண்டேன். ஐந்து ஒன்றை உடைப்பவை 41, 271. இரண்டையும் பத்தால் வகுத்தால் மீதி ஒன்று. ஏழு ஒன்றை உடைப்பவை 239, 4649. பதினாலால் வகுத்தால் மீதி ஒன்று. ஐந்தின் இருமடங்கு பத்து, ஏழின் இருமடங்கு பதினாலு. அப்படியானால் பதினொரு ஒன்றை உடைக்க ஓர் எண் உலகத்தில் இருந்தால், அதை இருபத்திரண்டால் வகுக்கும்போது மீதி ஒன்று வர வேண்டும். ஏன் என்று நிறுவ எனக்குத் தெரியாது. ஆனால் அது உண்மை. ஓர் எண் இரண்டு துண்டாக உடைந்தால் சின்னத் துண்டு ஓர் எல்லையைத் தாண்ட முடியாது. இந்த எண்ணுக்கு அந்த எல்லை ஓர் இலட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம். அதுவரைக்கும் அப்படி மீதி ஒன்று வரும் முதன்மை எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், ஏறக்குறைய ஆயிரம் எண்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு, சிலவேளை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கல்குலேற்றர் உதவாது, முற்றத்தில் இருந்தது எட்டு இலக்கத்தோடு நின்றுவிடும். ஐந்து வருடம், முப்பத்தெட்டுக் கொப்பி.

அந்த ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வயது ஆறிலிருந்து பதினொன்று. கடல் எங்கள் ஒழுங்கையின் முடிவில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். கூட்டிப்போகச் சொல்லி நீ கேட்டுக்கேட்டு அலுத்துப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டாய். உன் அம்மா கதவைச் சாத்தி, “இஞ்சேருங்கோ, பிள்ளையை ஒருக்கால் வெளியிலை கூட்டிக்கொண்டு போனால் என்ன குறையும்?” என்று கேட்டாள். “ஒரு பக்கம் குறையும்” என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை. முப்பத்தெட்டாவது கொப்பி முடிந்த அன்று நான் எழும்பி நின்று, பதினொரு ஒன்று உடையாது, அது முதன்மை எண் என்று உங்கள் இரண்டு பேருக்கும் அறிவித்தேன். உன் அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து, “அப்ப வாற ஞாயிறு?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்த ஒருவரும் அந்த எண்ணைக் கேட்காமல் தேநீர் குடித்ததில்லை. அந்தப் பெருமையை நான் இப்போதும் மறுக்க மாட்டேன். கல்லூரிப் படியில் கால் வைக்காதவன், பட்டதாரிகளுக்குப் பொறுமை இல்லாத ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தேன். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர்கூட, “ஐசே, நீர் செய்ததை நான் செய்திருக்க மாட்டன்” என்று சொன்னார். அவர் சொன்னது எனக்கு ஒரு பட்டம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். உன் சாதாரண தர முடிவு வந்த கிழமை, சனிக்கிழமை பின்னேரம். கணிதத்தில் உனக்கு அதிவிசேட சித்தி, அதற்கு மேலே ஒன்றுமில்லை. உன் அம்மா உழுந்து வடை சுட்டாள். மாஸ்டரும் இன்னும் நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். வந்தவர்கள் உனக்காக வந்தார்கள். ஆனால் மாஸ்டர் வழக்கமான பகிடியைத் தொடங்கினார்.

“எங்கை, உங்கடை பதினொரு ஒன்று இண்டைக்கு இன்னும் வெளியிலை வரேல்லை?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னேன். கோடி, இலட்சம் என்று முழுவதையும் சொன்னேன். “உடையாது மாஸ்டர். கடைசி வரைக்கும் போய்ப் பாத்தனான்” என்று வழக்கம்போல முடித்தேன். நீ அறை வாசலில் ஒரு தாளோடு நின்றாய்.

“அப்பா, அது உடையுது.”

“என்ன?”

“மீதி இல்லாமல் பிரியுது அப்பா. நேற்றுச் செய்து பாத்தனான்.”

“என்னத்தாலை?”

“21649 ஆலை. 513239 தரம்.”

மாஸ்டர் வடையைத் தட்டில் வைத்துவிட்டார். “கொண்டா தம்பி, பாப்பம்” என்று கையை நீட்டினார். நான் எட்டித் தாளை வாங்கிக்கொண்டேன்.

நிற்கிற இடத்திலேயே ஒன்பதை எறிந்து, அதாவது இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி, பெருக்கலைச் சோதித்துப் பார்த்தேன். 21649, இலக்கங்களைக் கூட்டினால் இருபத்திரண்டு, அது நாலு. 513239, கூட்டினால் இருபத்துமூன்று, அது ஐந்து. நாலைந்து இருபது, அது இரண்டு. பதினொரு ஒன்றைக் கூட்டினால் பதினொன்று, அதுவும் இரண்டு. “பொறுங்கோ, கொப்பியோடை ஒத்துப் பாக்கிறன்” என்று சொல்லி ஒன்பதாவது கொப்பியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனேன். பரீட்சை முடிந்து முடிவு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில் நீ என் கொப்பிகளை எடுத்து ஒவ்வொரு வகுத்தலாகத் திருப்பிச் செய்திருக்கிறாய். எனக்குப் பெருமை தேடவா, என்னை விழுத்தவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீ சொல்லவுமில்லை.

ஒன்பதாவது கொப்பியில் அந்தப் பக்கம் இருந்தது. 21649, மீதி 20649 என்று எழுதியிருந்தேன். நாலாவது படியில் 51741 இலிருந்து 43298 ஐக் கழித்தால் வருவது 8443. நான் 8433 என்று போட்டிருந்தேன். ஒரு நாலுக்குப் பதிலாக ஒரு மூன்று. மீதி வந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. சரிவராத பெட்டி, திருப்பி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எழுதிய இருபத்தொன்பது கொப்பிகளும், நீ கடலுக்குப் போகாத அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு மூன்றின் மேல் கட்டிய வீடு. பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் தாளையும் பார்த்தேன். சுத்தமான வேலை. கடைசிப் படியில் 194841, ஒன்பது தரம், மீதி பூச்சியம். பூச்சியத்தைச் சுற்றி நீ ஒரு வட்டம் போட்டிருந்தாய்.

உள்ளே வந்து நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன்.

“நாலாம் படியிலை கழித்தல் பிழை. மூண்டு வர வேண்டிய இடத்திலை நாலு போட்டிருக்கிறான்.”

மாஸ்டர், “எங்கை, ஒருக்கால் தாருங்கோவன்” என்றார். நான் தாளை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தேன். “விடுங்கோ மாஸ்டர். அதிவிசேடம் எடுத்தவருக்குக் கழித்தல் வராது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். நீ, “ஓம் அப்பா, பிழைதான் போல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். பிறகு தேநீர்த் தட்டோடு வெளியே வந்தாய். எனக்குத்தான் முதலில் நீட்டினாய்.

நான் விட்ட பிழையை எடுத்து உன் பெயரில் எழுதினேன். அதே படி, அதே இலக்கம். இதற்கு நான் எடுத்துச் சொல்ல ஒரு நியாயமும் இல்லை, தேடவும் இல்லை.

அடுத்த மாதம் உயர்தரத்துக்கு வர்த்தகப் பிரிவு என்று படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து நீட்டினாய். உன் அம்மா என்னைப் பார்த்து, “இவன் ஏன் கணக்கு வேண்டாமெண்டுறான்? இவ்வளவு நாளும் அதுதானே அவன்ரை உயிர்?” என்று கேட்டாள். நான் கையெழுத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்து, தோய்க்கப் போட்ட சேட்டில் இருந்து எடுத்த அந்தத் தாளை அவள் மேசையில் வைத்திருந்தாள். “அவன்ரை பேப்பர். அவனிட்டைக் குடுத்துவிடுங்கோ” என்றாள். எவ்வளவு விளங்கியிருந்தாள் என்று தெரியாது. நான் அதை ஒன்பதாவது கொப்பிக்குள் வைத்தேன். அவள் போய் மூன்று வருடமாகிறது. தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிறகும் வந்தவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைச் சொன்னேன். தெரிந்துகொண்டு சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு இருந்தாய். எல்லோருடைய பொக்கற்றிலும் பதினொரு இலக்கத்தையும் பிசகில்லாமல் பெருக்கும் போன் வந்த பிறகுதான் நிறுத்தினேன். மனம் திருந்தி அல்ல, பிடிபட்டுவிடுவேன் என்று.

உன் கலியாணப் பேச்சையும் எழுத வேண்டும். கொட்டாஞ்சேனையில் பெண் வீட்டில் எல்லாம் முடிவான பிறகு, உன் மாமனார் அழைப்பிதழ் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். மகளின் பெயரில் ஓர் இங்கிலீஷ் எழுத்து இரண்டாகியிருந்தது. “எட்டு வருகுது சம்பந்தி, ஒரு எழுத்தைக் கூட்டினால் அஞ்சாகும் எண்டு சாத்திரியார் சொன்னவர்” என்றார். பாவம், நல்ல மனிதர். நான் விட்டேனா? “இலக்கத்தைக் கூட்டிக் கூட்டி ஒற்றையாக்கினால் வாறது ஒன்பதாலை பிரிச்ச மீதி. வேறை ஒண்டுமில்லை. உங்கடை மகளின்ரை தாலியை ஒன்பதாலை பிரிச்ச மீதியோ காப்பாத்தப் போகுது?” என்று கேட்டேன். பெண்ணின் தாய் எழும்பிக் குசினிக்குள் போனாள். பெண் அழுதாள். இறங்கும்போது படியில் நீ உன் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா அப்பிடித்தான் மாமா. மனசிலை வையாதேங்கோ” என்றது பின்னால் வந்த என் காதில் விழுந்தது. நான் சொன்ன கணக்கு சரியானது. அதில் ஓர் இலக்கமும் பிழையில்லை. ஆனால் சபையில் நின்று ஒன்பதை எறிந்து, உண்மை தெரிந்தும் பொய் சொன்னவன் அந்தக் கணக்கை இன்னொருவர் முகத்தில் எறிந்தான். அது எனக்கு அன்றைக்குத் தெரியும். என்றாலும் எறிந்தேன். “அப்பா அப்பிடித்தான்” என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் நான் உன் மேல் கோபமாக இருந்தேன். மூன்று மாதம் உன்னோடு கதைக்கவில்லை. நீ காரணம் கேட்கவில்லை.

இப்போது எறியும் பெட்டிக்கு வருகிறேன். அதில் கிடந்தது உன் பழைய மடக்கை அட்டவணைப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தது. பின் அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலில் ஒரு பெருக்கல். 513239 ஐ 21649 ஆல். ஐந்து வரிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாய். முதல் வரி 4619151. அடுத்ததைக் கூட்ட 25148711. பிறகு 333092111. பிறகு 846331111. வலக்கரையில் ஒன்றுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஐந்தாவது வரியைக் கூட்டியதும் பதினொன்றும் வந்து நிற்கின்றன. நான் ஐந்து வருடம் அந்த எண்ணோடு இருந்தவன். அது இப்படி ஒவ்வொரு அடியாக நடந்து வருவதை ஒருநாளும் பார்த்ததில்லை. அழகாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் கணக்கைப் பற்றிக் கதைக்கத் தகுதியில்லாதவன்.

அதற்குக் கீழே, அதே பென்சிலில், மூன்றே மூன்று சொல் எழுதியிருந்தாய். ‘சரி. அப்பாவுக்குத் தெரியும்.’

அப்படியென்றால் நான் பல்கனியில் நின்றபோது நீ யன்னலுக்குள்ளால் என் முகத்தைப் பார்த்திருக்கிறாய். கம்பியைப் பிடித்ததையும் பார்த்திருக்கிறாய். அதன் பிறகுதான் தேநீர்த் தட்டு.

இருபத்தாறு வருடம் நான் ஒன்றை நம்பி வாழ்ந்தேன். ஒரு பொய்யால் உன் படிப்பை உடைத்தேன், நீ உன் கையையே நம்பாமல் போனாய், கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவரின் அறிக்கைகளைச் சரிபார்த்துக்கொண்டு இருப்பது என்னால்தான் என்று. அது பாரமாக இருந்தது. ஆனால் என்னுடைய பாரம். நான் செய்தது, நான் சுமந்தேன். இப்போது தெரிகிறது, அதுவும் என்னுடையது இல்லை. நீ உன்னை நம்பாமல் கணக்கை விடவில்லை. சரி என்று கையால் நிறுவிய பிறகே அதை விட்டாய். என்னோடு ஒரே அறையில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு நிற்பது உனக்கு அருவருப்பாக இருந்திருக்க வேண்டும். அல்லது அப்பா பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். உன் குணம் அது. உன் அம்மாவிடம் இருந்து வந்தது.

உன்னைப் பற்றி நான் கடுமையாக ஒன்று சொல்லப்போகிறேன். பதினாறு வயதில் நீ எனக்கு மன்னிப்புத் தந்தாய். யார் கேட்டது? மாஸ்டரின் வீடு நாலு வாசல் தள்ளி இருந்தது. அந்தப் பின் அட்டையை அவரிடம் கொண்டுபோய்க் காட்டப் பத்து நிமிடம் போதும். நான் அவமானப்பட்டிருப்பேன். உன்னை அடித்தும் இருப்பேன். ஆனால் அதன் பிறகு ஒரு கிழமையிலோ ஒரு வருடத்திலோ, நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் இருந்து பதின்மூன்று ஒன்றைத் தொடங்கியிருப்போம். அதை நீ என்னிடம் இருந்து எடுத்துவிட்டாய். அதற்குப் பதிலாக இருபத்தாறு வருடத் தேநீர் தந்தாய். நான் விருந்தாளிகளுக்கு முன்னால் பொய்யை ஓதும்போதெல்லாம், உண்மை தெரிந்த ஒருவன் அமைதியாகத் தட்டோடு நின்றான். நான் உனக்குச் செய்தது ஒரு பின்னேரத்துக் கொடுமை. நீ எனக்குச் செய்தது ஒவ்வொரு நாளும் நடந்தது. நீ அதைப் பொறுமை என்பாய். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உன் பிள்ளைக்கு இதைச் செய்யாதே. அவன் பிழை என்றால் பிழை என்று சொல். நீ பிழை என்று அவன் சொன்னால் தாளை வாங்கிப் பொக்கற்றில் வைக்காதே. அவனை உன் மேல் இரக்கப்படவும் விடாதே. இரக்கம் காட்டுகிற பிள்ளையோடு ஒரு தகப்பன் சண்டை பிடிக்க முடியாது. சண்டை பிடிக்க முடியாதவனோடு கதைக்கவும் முடியாது. உனக்கும் எனக்கும் இடையில் நடந்தது அதுதான்.

சரி, பதில்.

மெல்பேர்னில் ஓர் அறையில் என்னை வைத்து, வருகிறவர்களிடம் ‘அப்பா அப்பிடித்தான்’ என்று சொல்லிக்கொண்டு, என் செத்த வீடு வரைக்கும் நீ தட்டு நீட்டுவதற்கு நான் வரமாட்டேன். இலக்கம் பிழை என்று தெரிந்துகொண்டே உள்ளே எடுக்கிற பெட்டியாக நான் எந்த வாசலையும் தாண்டமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருகிறீர்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து உன் மாமனாரையும் மாமியையும் நானே கூப்பிட்டிருக்கிறேன். உன் பிள்ளையும் இருப்பான். ஒன்பதாவது கொப்பி மேசையில் அந்தப் பக்கத்தில் திறந்திருக்கும். பக்கத்தில் உன் தாளும் அட்டவணையும் இருக்கும். எல்லோருக்கும் முன்னால் நீ சத்தமாக வாசிக்க வேண்டும். 51741 இலிருந்து 43298 போனால் என்ன என்று சொல்ல வேண்டும். என்னைப் பார்த்து, அப்பா, நீங்கள் பிழை, தெரிந்துகொண்டு பொய் சொன்னீர்கள் என்று சொல்ல வேண்டும். பிறகு என் 8433 ஐ வெட்டிச் சரியானதை எழுத வேண்டும். இத்தனையும் செய்தால் அன்றைக்கே என் பெட்டியைக் கட்டுவேன். ‘அதெல்லாம் பழைய கதை, விடுங்கோ அப்பா’ என்று தொடங்கினால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். போகும்போது கடற்பக்க யன்னலைச் சாத்திவிட்டுப் போ, உப்புக் காற்று கொப்பிகளுக்குக் கூடாது.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நீ தந்துவிட்ட ஒன்றைக் கேட்பதில் அர்த்தமில்லை. வந்து வாங்கிக்கொள், அதைத் திருப்பித் தருகிறேன்.

மேசையில் ஒரு சிவப்புப் பேனை வைத்திருக்கிறேன். பழையது. எழுதுகிறதா என்று இந்தத் தாளின் ஓரத்தில் கீறிப் பார்த்தேன். எழுதுகிறது.

அப்பா